ஓடுகிறவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

பள்ளியில் குறுவட்டப் போட்டி. அதில் ஜெயித்தால் மாவட்டப் போட்டி. கல்லூரிக்குப் போனால் பல்கலைக்கழகப் போட்டி. முதலாவதாக வந்தவருக்கு ஒரு சான்றிதழ், ஒரு கோப்பை, நிறைய கைதட்டல். அப்புறம்?

மத்தூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கான பதில் நன்றாகவே தெரியும். படிப்பு முடிந்தால் ஓசூர் சிப்காட்டுக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போக வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுப்பவர் காலையில் எங்கே ஓடுவது! கோப்பை அலமாரியில் தூசி படிந்து கிடக்கும், அவ்வளவுதான்.

கல்லூரி மைதானத்துக்கும் சர்வதேசப் போட்டிக்கும் நடுவே உள்ள தூரம் 100 மீட்டரோ 400 மீட்டரோ அல்ல. நாலைந்து வருடச் சாப்பாட்டுச் செலவு! அந்தத் தூரத்தைக் கடந்தவர்களில் ஒருவர் மதுரை ரேவதி வீரமணி. அவர் கதைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

ஓடிக் காசு சம்பாதிப்பதே ஒரு காலத்தில் குற்றம்! 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன் பேஸ்பால் ஆடிக் கொஞ்சம் பணம் வாங்கியிருந்தார் என்று சொல்லி, 1913ல் பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் 1953ல் இறந்து போனார். அந்த இரண்டு போட்டிகளிலும் அவர் மட்டுமே வெற்றியாளர் என்று மீண்டும் பதிவானது எப்போது தெரியுமா? 2022ல்! ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்ற பின்லாந்தின் பாவோ நூர்மியையும் இதே பணப் புகாரில் 1932 ஒலிம்பிக்கில் ஓட விடவில்லை.

அமெரிக்காவின் பாப் ஹேயஸ் கல்லூரி மைதானத்திலிருந்து வந்தவர். 1964 டோக்கியோவில் 100 மீட்டர் தங்கம், தொடர் ஓட்டத்தில் இன்னொரு தங்கம். உலகின் அதிவேக மனிதர்! ஆனால் அந்த வேகத்துக்குத் தடகளத்தில் சம்பளம் கிடையாது. அவர் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் சேர்ந்தார்.

பணம் வாங்காமல் ஓட வேண்டும் என்பது கேட்பதற்கு உயர்ந்த கொள்கை மாதிரி இருக்கும். யோசித்துப் பார்த்தால், வீட்டில் சோறு நிச்சயம் உள்ளவர்கள் மட்டும் ஓடினால் போதும் என்பதுதான் அதன் அர்த்தம். 1980களில் இந்த விதி தளர்ந்தது. உலகத் தடகளச் சம்மேளனம் தன் பெயரில் இருந்த 'அமெச்சூர்' என்ற சொல்லை 2001ல்தான் எடுத்தது.

இந்தியா இதற்கு வேறு ஒரு வழி வைத்திருந்தது. ராணுவம், ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள். மில்கா சிங்கை வளர்த்தது ராணுவம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் வென்ற பி.டி.உஷா தெற்கு ரயில்வே ஊழியர். கணக்குப் புத்தகத்தில் சம்பளம் வேலைக்கு. ஓட்டம் ஓட்டத்துக்கு. விதியும் மீறப்படவில்லை, வயிறும் காயவில்லை!

இனி ரேவதி.

மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம். 1998ல் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பாவையும் அம்மாவையும் நோய்க்குப் பறிகொடுத்தார். ரேவதியையும் தங்கையையும் வளர்த்தது பாட்டி ஆரம்மாள். வயல் வேலை, செங்கல் சூளை வேலை என்று கூலிக்குப் போய்த்தான் இரண்டு பேத்திகளையும் காப்பாற்றினார். பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பாட்டி கேட்கவில்லை. பள்ளிக்கூடம்தான் என்று நின்றார்.

பள்ளியில் ஓடிக்கொண்டிருந்த ரேவதியின் திறமையைக் கண்டுகொண்டவர் பயிற்சியாளர் கண்ணன். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். ஷூ வாங்க வசதியில்லாமல் கல்லூரிப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடியவர் ரேவதி. பிறகு ஷூவுக்கும் மற்றத் தேவைகளுக்கும் வழி செய்தவரும் கண்ணன்தான். 2016ல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் ரேவதிக்குத் தங்கம்!

2019ல் பாட்டியாலா தேசிய முகாம். அங்கே பயிற்சியாளர் கலினா புகாரினா, 400 மீட்டருக்கு மாறச் சொன்னார். 100 மீட்டர் ஓடுபவருக்கு 400 மீட்டர் வேறு உலகம். முதல் 200 மீட்டர் வேகத்தில் போய்விடும். அதன் பிறகு கால் கல்லாகக் கனக்கும், மூச்சு முட்டும். கடைசி நூறு மீட்டரில் யார் வேகம் கூடுகிறது என்பதல்ல, யார் வேகம் குறைவாகக் குறைகிறது என்பதுதான் போட்டி.

இதற்கிடையில் ரயில்வே வேலையும் கிடைத்தது. மதுரைக் கோட்டத்தில் டிக்கெட் பரிசோதகர். கூலி வேலைக்குப் போன பாட்டியின் வீட்டில் மாதச் சம்பளம்!

2021 ஜூலையில் நடந்த தகுதிப் போட்டியில் 53.55 வினாடியில் முதலாவதாக வந்தார். 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்துக்குத் தேர்வானார். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் அந்தப் பிரிவு ஒலிம்பிக்கில் சேர்ந்தது அந்த முறைதான். ஜூலை 30 அன்று டோக்கியோவில் ஓடிய நால்வர்: கேரளத்தின் முகமது அனஸ், ரேவதி, திருச்சி சுபா வெங்கடேசன், லால்குடிப் பக்கத்து ராணுவ வீரர் ஆரோக்கிய ராஜீவ். நால்வரில் மூவர் தமிழர்!

முடிவு? 3 நிமிடம் 19.93 வினாடி. தகுதிச் சுற்றில் எட்டாவது, அதாவது கடைசி இடம். 2019 தோஹா உலகப் போட்டியில் இந்திய அணி 3 நிமிடம் 16.14 வினாடியில் ஓடி வாங்கித் தந்த ஒலிம்பிக் வாய்ப்பு அது. அந்த நேரத்தைக்கூட டோக்கியோவில் எட்ட முடியவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செங்கல் சூளையிலிருந்து ஒலிம்பிக் ஓடுதளம் வரை நீண்ட ஓட்டத்தை அந்த எட்டாவது இடத்தை மட்டும் வைத்து அளப்பதும் நியாயமில்லை.

இந்த ஓட்டத்துக்கு முதல் போட்டவர்கள் யார் யார் என்று எழுதிப் பாருங்கள். பாட்டியின் கூலி. பயிற்சியாளரின் அக்கறை. கல்லூரி விடுதி. ரயில்வே சம்பளம். தேசிய முகாம். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் ரேவதி இன்னொரு அலமாரிக் கோப்பைதான். கவனிக்க வேண்டியது இன்னொன்று: ரயில்வேயோ ராணுவமோ ஜெயித்தவர்களைத்தான் கூப்பிடும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இடஒதுக்கீடும் சாதித்தவர்களுக்குத்தான். சாதிப்பதற்கு முந்தைய வருடங்களுக்குப் பாட்டியும் கண்ணனும்தான் கிடைக்க வேண்டும். எல்லோருக்கும் கிடைப்பார்களா?

வணிகவியல் மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம். 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள், மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான ஏழாவது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி தருவது தெளிவாகவே இருக்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தொழிற்சாலைகளுக்கா பஞ்சம்? ஒரு மண் ஓடுதளம், ஒரு பயிற்சியாளர், பத்துப் பிள்ளைகளுக்கு முட்டையும் பஸ் காசும் ஷூவும். பெரிய நிறுவனங்களின் கணக்கில் இது ஒரு வரி.

அடுத்த முறை கல்லூரி விளையாட்டு விழாவில் ஒரு பெண் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு ஓடி வந்தால், கைதட்டுங்கள், கட்டாயம் தட்டுங்கள். தட்டி முடித்ததும், நாளைக்கு அவள் பயிற்சிக்குப் போக பஸ் காசு இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.