மந்திரத்தை வகைபிரித்தவர்கள்

துபாயிலும் ஷார்ஜாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு மந்திரத்தில் எட்டுப் பள்ளிகள் உண்டு என்பது தெரியும். காப்பது, வரவழைப்பது, குறி அறிவது, மனத்தை வசப்படுத்துவது, பொய்த்தோற்றம் காட்டுவது, உருமாற்றுவது என்று வரிசையாகச் சொல்வார்கள். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு பின்னாளில் வகுத்துக்கொண்ட பிரிவுகள் அவை. நம்முடைய மந்திர நூல்களும் எட்டு என்றுதான் கணக்கிடுகின்றன என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. பெற்றோரில் பலருக்கும் தெரியாது.

நம் எட்டுக்கு அட்டகருமம் என்று பெயர். பிறரைத் தன்வயப்படுத்துவது வசியம். மதி மயங்கச் செய்வது மோகனம். அசையவிடாமல் கட்டுவது தம்பனம். விரட்டுவது உச்சாடனம். தொலைவில் இருப்பதை இழுத்து வருவது ஆகர்ஷணம். சேர்ந்திருப்பவர்களைப் பிரிப்பது பேதனம். பகை மூட்டுவது வித்வேஷணம். உயிரைப் போக்குவது மாரணம். வடமொழித் தந்திர நூல்களில் பெரும்பாலும் ஆறுதான். அந்த ஆறில் முதலாவது சாந்தி, அதாவது நோயையும் தீங்கையும் தணிப்பது. திருமூலரின் திருமந்திரம் நான்காம் தந்திரத்தில் சக்கரங்களை விவரிக்கும்போது தம்பனம், மோகனம், உச்சாடனம், மாரணம், வசியம் எல்லாம் பேசப்படுகின்றன. ஒவ்வொரு கருமத்துக்கும் தனித் திசை, தனி ஆசனம், தனித் தகடு, தனி நாள். நூலுக்கு நூல் அந்தப் பட்டியல் மாறும். எட்டின் பெயர்கள் பெரிதாக மாறுவதில்லை.

இந்த வகைபிரிப்பு கேட்கும் கேள்வி, எதற்காகச் செய்கிறாய் என்பது. எழுத்து எது, எந்தத் தெய்வம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மணிமேகலைக்குத் தெய்வம் கொடுத்த மூன்று மந்திரங்களும் இப்படித்தான் பயனால் அறியப்படுகின்றன: வேற்றுரு எடுக்க ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசி தீர ஒன்று.

கடலுக்கு அந்தப் பக்கம் வேறு கேள்வி கேட்டார்கள். பாக்தாத்தில் 987-இல் இப்னு அல்-நதீம் எழுதிய 'ஃபிஹ்ரிஸ்த்' அன்று அரபியில் இருந்த நூல்களின் பெரும் அட்டவணை. அதில் மந்திரவாதிகளுக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். ஜின்களை அடக்குகிறோம் என்பவர்களை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: இறைவனுக்குப் பணிந்து, அவன் பெயரால் ஆணையிடுபவர்கள் ஒரு வழி, ஷைத்தான்களுக்குக் காணிக்கை கொடுத்து வேலை வாங்குபவர்கள் மற்றொரு வழி. முதல் வழி போற்றத்தக்கது, இரண்டாவது பழிக்கத்தக்கது. யாருடைய அதிகாரத்தால் என்பதே இங்கே அளவுகோல். இந்தியர்களுக்கு 'தவஹ்ஹும்' என்னும் மனத்தோற்ற வித்தையில் தனி நம்பிக்கை உண்டு, அவர்களுடைய நூல்கள் சில அரபிக்கு வந்திருக்கின்றன என்றும் குறித்து வைத்திருக்கிறார்.

நானூறு ஆண்டு கழித்து, 1377-இல், இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் மூன்று படிகள் வகுத்தார். கருவி எதுவுமின்றி மன வலிமையால் மட்டும் செய்வது சிஹ்ர். கோள்கள், பூதங்கள், எண்களின் தன்மை ஆகியவற்றின் துணையோடு செய்வது தில்ஸம். பார்ப்பவர் கற்பனையில் இல்லாததைக் காட்டுவது ஷஅவதா, நம் ஊர்க் கண்கட்டு வித்தை. இந்தியாவில் ஒருவனைச் சுட்டிக்காட்டியே அவன் நெஞ்சை இல்லாமல் ஆக்கிவிடுபவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டதையும் சேர்த்திருக்கிறார். ஆனால் அந்த அத்தியாயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் இடம். அறிஞர்கள் இப்படி மூன்றாகப் பிரித்தாலும், மார்க்கச் சட்டம் மூன்றையும் ஒன்றாகவே வைத்து விலக்குகிறது என்று அவரே எழுதுகிறார்.

இந்தப் பள்ளிகள் ஏட்டில் மட்டும் இருந்தவை அல்ல. முத்துக் குளிப்பில் அவை கூலி வாங்கின. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்தெடுப்பவர்களைச் சுறாவிடமிருந்து காக்க மந்திரிப்பவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகச் சொல்கிறார். கட்டு பகலுக்கு மட்டும். இரவில் திருட்டுத்தனமாக யாரும் குளிக்கக் கூடாது என்பதால் மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். அட்டகருமத்தில் இது தம்பனம். மன்னார் வளைகுடாவில் இந்த வேலையைச் செய்தவருக்குக் கடல்கட்டி என்று பெயர். 1859-இல் வெளியான தம் இலங்கை நூலில் எமர்சன் டென்னன்ட், அப்போதைய கடல்கட்டிக் குடும்பத் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று எழுதுகிறார். டென்னன்ட் போனபோது அவருக்கு உடம்பு சரியில்லை, பதிலாள் வந்திருந்தார். தனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் பெரியவரின் பிரதிநிதி என்பதால் சுறாக்கள் மரியாதை கொடுக்கும் என்று அந்தப் பதிலாள் உறுதி சொன்னாராம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே மன்னார்க் கடலில் வளைகுடா அரபு முத்துக்குளிப்பவர்களும் வந்து குளித்தார்கள்.

அவர்கள் ஊர்க் கரைகளில் இன்னொரு பள்ளியும் இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த 'ஸார்' சடங்கு அது. ஈரானின் தென்கரையில் அதை ஆராய்ந்த குலாம் ஹுசைன் சாஎதி 1966-இல் 'அஹ்லெ ஹவா' என்ற நூலாக வெளியிட்டார். ஆளைப் பிடிப்பது காற்று. எந்தக் காற்று என்று தாளம் கொட்டிக் கண்டுபிடிப்பவர் பாபா அல்லது மாமா. காற்றை ஓட்டுவதில்லை. அது கேட்பதைக் கொடுத்துச் சமாதானம் பேசுகிறார்கள். இங்கே கேள்வி, உன்னைப் பிடித்திருப்பது யார் என்பது.

நிரலும் தரவுமாக இருபது ஆண்டு பிழைத்தவன் நான். ஒரே பட்டியலை எந்தப் பத்தியைக் கொண்டு அடுக்குகிறோமோ அதற்கேற்ப ஒரே பொருள் வேறு வேறு இடத்தில் போய் விழும் என்பது தினசரி அனுபவம். ஒன்பது கட்டச் சதுரத்தின் கதை அப்படிப்பட்டது. 1 முதல் 9 வரை எண்களை எப்பக்கம் கூட்டினாலும் 15 வரும்படி நிரப்புவது அது. 850-ஐ ஒட்டி, இந்திய மருத்துவத்துக்கும் ஒரு பகுதி ஒதுக்கிய 'ஃபிர்தவ்ஸ் அல்-ஹிக்மா'வில், அலீ அல்-தபரி இதைச் சுகப்பிரசவத்துக்குச் சொல்கிறார். 900-ஐ ஒட்டி விருந்தரின் 'சித்தயோகம்' என்ற இந்திய மருத்துவ நூல், 2 முதல் 18 வரை இரட்டைப்படை எண்களால் கூட்டுத்தொகை 30 வரும் சதுரத்தைத் தருகிறது. அதுவும் பிரசவ வேதனையில் இருப்பவள் பார்ப்பதற்கே. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தண்ணீர் படாத இரண்டு துணிகளில் இதை எழுதிப் பிரசவிப்பவளின் காலடியில் வைக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். நான்கு மூலைகளிலும் வரும் 2, 4, 6, 8-ஐ அரபு எழுத்தாக மாற்றினால் 'புதூஹ்' என்ற சொல் வரும். கடிதம் பத்திரமாகப் போய்ச் சேர அதன்மேல் அந்தச் சொல்லை எழுதுவது அரபு நாடுகளில் நெடுநாள் வழக்கம்.

நம் வீடுகளில் அரிசி மாவால் போடும் குபேரக் கோலமும் இதே சதுரம்தான். 20 முதல் 28 வரை எண்கள், நடுவில் 24, எப்பக்கம் கூட்டினாலும் 72. பர் துபாயில் பல வீட்டுப் பூஜை அலமாரிகளில் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும் உண்டு. விருந்தருக்கு அது மருத்துவம். நமக்குக் கோலம். இப்னு கல்தூனின் கணக்கில், எண்ணின் தன்மையைத் துணைகொள்வதால் தில்ஸம்.

எந்தப் பத்தியில் விழுகிறது என்பதில் இங்கே உயிரே இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021 குற்றவியல் சட்டம் சூனியத்துக்குச் சிறையும் 50,000 திர்ஹமுக்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. அதற்கான தாயத்து, நூல், பொருள்களைக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம். ஏமாற்றிப் பணம் பறிப்பவர்களைப் பிடிக்க இப்படி ஒரு சட்டம் தேவைதான். வசியத்துக்கு விளம்பரம் செய்பவர்கள் நம்மிடமும் குறைவில்லை. சவூதி அரேபியாவில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே 2011-இல் மட்டும் சூனியக் குற்றச்சாட்டில் ஒரு சூடானியர் மதீனாவிலும், ஒரு சவூதிப் பெண் அல்-ஜவ்ஃபிலும் தலை வெட்டப்பட்டார்கள். 2012-இல் ஜித்தா வணிக வளாகத்தில், தன் 13 வயது மகளுக்குச் சூனியம் வைத்ததாக ஒரு தகப்பன் புகார் கொடுக்க, இலங்கைப் பெண் ஒருவர் கைதானார். வீட்டுப் பணிப்பெண்கள் மீது எசமானர்கள் சுமத்தும் குற்றச்சாட்டுகளில் சூனியமும் ஒன்று என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2008 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. சம்பளம் கேட்டவள்மீது, அடி வாங்கியதாகப் புகார் சொன்னவள்மீது எளிதாகத் திருப்பிவிடக்கூடிய குற்றச்சாட்டு அது.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் பெட்டியில் என்ன இருக்கும்? அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிறு, கோயில் விபூதிப் பொட்டலம், அல்லது நாகூரில் ஓதி வாங்கிய தாயத்து. தமிழ் மரபில் இவற்றுக்கு அட்டகருமத்தில் இடமே கிடையாது. யாரையும் இழுக்கவில்லை, யாரையும் கட்டவில்லை. இதன் பெயர் காப்பு. பள்ளிவாசல் வாசலில் குழந்தையோடு நின்று ஓதி ஊதி வாங்கிப்போகும் இந்துத் தாய் அதை மந்திரவாதம் என்று நினைப்பதில்லை. எதற்காக என்று கேட்கும் வகைபிரிப்பில் அவள் குற்றமற்றவள். எதைக் கொண்டு என்று கேட்கும் வகைபிரிப்பில் கயிறும் தகடுமே சாட்சியாகிவிடும்.

காப்புக்கு அரபியில் நல்ல சொல் இருக்கிறது: ஹிர்ஸ். ஓமான் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கழுத்தில் அணிந்த வெள்ளிக் கூடுகளுக்கு அதுதான் பெயர். உள்ளே எழுதிச் சுருட்டிய காகிதம் இருக்கும். நிஸ்வா சந்தையில் பழைய ஹிர்ஸ்கள் இன்றும் நகையாக விற்பனைக்கு உண்டு. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புறப்படும் பணிப்பெண்களுக்குச் சலவை எந்திரத்தை இயக்கவும் சில அரபிச் சொற்களைப் பேசவும் பயிற்சி தருகிறது. அந்தச் சொற்களோடு ஹிர்ஸையும் சேர்க்க வேண்டும். பெட்டியில் எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். காவல் நிலையத்தில் உட்காரும் மொழிபெயர்ப்பாளர் நம்மவராக இருந்தால், அம்மா கட்டிய கயிற்றுக்கு அவர் சொல்லும் ஒரு சொல் சிஹ்ரா ஹிர்ஸா என்பதில் ஒரு பெண் ஊர் திரும்புவது இருக்கிறது.