கடலடியிற் கண்ட கோணேச்சரம்

திருக்கோணேச்சரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர்க்கு நெடுங்காலமாகத் துணைநின்றவை சிலவே. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் அருளிய பதிகம் உண்டு. 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடிப்பித்த செய்தி உண்டு. இடித்த கற்களைக் கொண்டு எழுப்பிய கோட்டையின் வாயிலிலே பாண்டியரது கயற் சின்னம் இன்றும் காணப்படுகின்றது. கடலுள் வீழ்ந்த பகுதியைப் பற்றியோ செவிவழிக் கதைகளையன்றி வேறொன்றும் இருந்ததில்லை. அக்கதைக்குக் கண்கண்ட சான்று தேடித்தந்தவர் சரித்திர ஆசிரியர் அல்லர். நீர்மூழ்குவதிற் பேராசை கொண்ட மைக் வில்சன் என்னும் ஆங்கிலேய இளைஞர் ஆவர்.

1943ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துக் கூஸ்தோவும் காஞ்ஞனும் அமைத்த சுவாசக் கருவி, கயிறும் குழாயும் இன்றி மனிதன் கடலடியில் உலாவ வழிசெய்தது. அக்கருவியாற் கவரப்பட்டோருள் வில்சனும், எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அடங்குவர். 1954 முதல் இருவரும் அவுஸ்திரேலியப் பவளப் பாறைகளிலே மூழ்கினர். 1956இல் இலங்கைக்கு வந்தனர். விலங்கியல் அறிஞரும் ஈட்டி கொண்டு மீன் வேட்டையாடுவதிற் பெயர் பெற்றவருமான றொட்னி ஜொங்க்ளாஸ் இங்கே அவர்களுக்குத் துணையானார்.

கண்டதைக் கரையிலுள்ளார் நம்ப வேண்டுமாயின் படம் வேண்டும். ஆதலால் மூழ்குவோன் படப்பெட்டியைக் கையில் எடுக்கின்றான். ஆயினும் நீர் அவனுக்கு எளிதில் இணங்குவதில்லை. ஐந்தாறு பாக ஆழத்துக்குள் செந்நிறம் பெரும்பாலும் மறைந்துவிட, இரத்தமும் பச்சையாகத் தோன்றும். பொருள்கள் உண்மைத் தூரத்தின் முக்காற் பங்கிலே நிற்பனபோல் மயக்கும். மண் கலங்கினால் மிக நெருங்கினாலன்றி ஒன்றும் பதியாது. போதாக்குறைக்கு, பருவக்காற்றும் கடலை மூடித் திறக்கும்: கீழ்க்கரை தெளிந்திருக்கும் மாதங்களில் தென்மேற்குக் கரை கலங்கியிருக்கும்.

1956இல் திருகோணமலைச் சுவாமிப் பாறையின் அடிவாரத்திலே, செதுக்கிய தூண்களும் கற்களும் சிதறிக் கிடப்பதை இவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டு வெளிவந்த கிளார்க்கின் நூல் அச்செய்தியை உலகறியச் செய்தது. மாத்தளைக்குக் கடற்கரை இல்லை. நம் நகரிலே திருகோணமலையின் பெயர் தாங்கிய வீதியொன்றே உண்டு. சுற்றுலா செல்லும் நம் மாணவர் பாறை விளிம்பில் நின்று நீலத்தைப் பார்த்துத் திரும்புவர். அவர்கள் பாதத்தின் நேர்கீழே இருப்பதை அறிய வைத்தவை இத்தகைய படங்களே.

ஆயினும் படம் காட்டுவது எது, காட்டாதது எது என்பது ஈண்டு நோக்கற்பாலது. தூண் அங்கே கிடக்கின்றது என்பதற்கு அது சாட்சி. அத்தூண் எவ்வரசன் காலத்தது, தள்ளப்பட்டதா தானே சரிந்ததா என்பதற்கு அது சாட்சியாகாது. இவ்வேறுபாட்டை மறந்து, ஒரு படத்தைக் கொண்டே காலவரையறை செய்யப் புகுவார் நம்மிடையே உளர். அவர்கள் கோயிலின் பெருமைக்கு உதவி செய்பவராகார்.

படப்பெட்டி சரித்திரத்துக்கு உதவிய வேறொரு சந்தர்ப்பமும் உண்டு. 1961 மார்ச்சிலே வில்சன் படம் பிடிக்கும் பொருட்டுத் தென்கிழக்கிலுள்ள பெரிய பாஸ் பாறைத்தொடருக்குச் சென்றார். புதையல் தேடிச் சென்றாரல்லர். எனினும் பீரங்கிகளும், ஒளரங்கசீப்பின் பெயரால் 1702இல் சூரத்தில் அச்சிடப்பட்ட வெள்ளி ரூபாய்களும் அவர் கண்ணிற் பட்டன. பைகளில் இருந்த வடிவிலேயே நாணயங்கள் இறுகிக் கட்டியாகியிருந்தன. 1963இல் தொல்பொருள் ஆய்வாளர் பீற்றர் துரொக்மோட்டனுடன் அவ்விடம் மீண்டும் ஆராயப்பட்டது. இடையில், 1962இல், முதல் வண்ணச் சிங்களத் திரைப்படமான 'ரன் முத்து தூவ'வைக் கடலடிக் காட்சிகளுடன் வில்சன் இயக்கினார்.

கோணேச்சரக் கடலடியில் அவர் கண்டெடுத்ததெனக் கூறப்படும் இலிங்கம் இன்று கோயிலில் வழிபடப்படுகின்றது. 1963 மார்ச்சிலே அங்கு கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. பின்னாளிலே வில்சன் குடும்பத்தையும் தொழிலையும் துறந்து, சுவாமி சிவ கல்கி என்னும் பெயருடன் இந்நாட்டிலேயே துறவியாய் வாழ்ந்து, 1995இல் காலமானார்.