நவச்சாரமும் 'காஸ்' என்ற ஒற்றைச் சொல்லும்

2020 ஆகஸ்ட் 20 மாலை, சித்தூர் மாவட்டம் பூதலப்பட்டை அடுத்த பண்டபள்ளியில் ஒரு பால் பதனிடும் ஆலையில் அம்மோனியா கசிந்தது. பெண் தொழிலாளர்கள் 14 பேர் சித்தூர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு மே 7இல் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் மாண்டிருந்தனர். செய்திமொழியில் இரண்டும் 'விஷவாயு'. பேச்சுமொழியில் இரண்டும் 'காஸ்'. மொழியியல் படித்த எனக்கு இந்தச் சொற்சிக்கனம் அச்சமூட்டுகிறது.

அம்மோனியா நமக்குப் புதிதன்று. ஈயம் பூசுபவர் சூடேறிய பித்தளைப் பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவியதும் எழும் வெண்புகையின் நெடியில் அது இருந்தது. அதே உப்பை மேலைநாட்டார் 'அம்மோன் உப்பு' என்றனர். எகிப்தின் சீவா பாலைச்சோலையில் இருந்த அம்மோன் கோயிலோடு அப்பெயரை இணைப்பது மரபு. அவ்வுப்பிலிருந்து பிரித்தெடுத்த வாயுவைப் பற்றி 1774இல் பிரீஸ்ட்லி எழுதினார். 1782இல் பெர்க்மன் அதற்கு 'அம்மோனியா' எனப் பெயரிட்டார். 1870களில் கார்ல் லிண்டே அதைக் குளிரூட்டும் பொறிக்குள் செலுத்தினார். பாலை 4 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்கும் ஆலைகளுக்கு அந்தப் பொறியின் வழியே வந்த அம்மோனியா, நவச்சாரத்தின் உறவை இழந்து வெறும் 'காஸ்' ஆயிற்று.

இழப்பு சொல்லோடு நிற்கவில்லை. 'காஸ்' என்றதும் நம் நினைவில் எழுவது அடுப்பு உருளைதான். அவ்வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும், காற்றில் 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். அம்மோனியா காற்றைவிட இலேசானது; தீப்பற்ற ஏறத்தாழ 15 விழுக்காடு வேண்டும். ஆனால் பத்து இலட்சத்தில் 300 பங்கு என்ற அளவிலேயே அது உயிருக்கு ஆபத்து. தீயை அஞ்சும் சமையலறைப் பாடம் இங்கே பாதிப்பாடமே. இலேசான வாயு மேலே போய்விடும் என்று நம்பி நிற்பதும் பிழை: அழுத்தத்தில் இருந்த திரவம் பீறிட்டால் குளிர்ந்த வெண்மூட்டமாகத் தரையோடு படரும். காற்றுக்குக் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கம் சேர வேண்டும். சுவாசக் கருவியின்றி மீட்கப் புகுபவர் அடுத்த நோயாளி ஆவார்.

அம்மோனியா நீரில் எளிதில் கரையும். கண்ணின் ஈரத்திலும் மூச்சுக்குழாயின் ஈரத்திலும் கரைந்தே அது புண்ணாக்குகிறது. முதலுதவியும் நீர்தான். நனைந்த ஆடையைக் களைந்து, கண்ணையும் தோலையும் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ காடியோ விடலாகாது. தேறியவர் போல் தோன்றுபவரையும் உடனே வீட்டுக்கு அனுப்பக்கூடாது. நுரையீரலில் நீர்கோப்பது சில மணி நேரம் கழித்தும் நேரலாம்.

சித்தூரில் தமிழும் தெலுங்கும் ஒருசேர வழங்குகின்றன. தமிழில் நவச்சாரம், தெலுங்கில் நவாசாகரம்: ஒலியிலும் நெருங்கிய சொற்கள். ஆலைப் பலகையில் வேதிக்குறியீட்டின் கீழ் 'நவச்சார வாயு' என்று எழுதினால், அந்த நெடியை அறிந்த தலைமுறைக்கேனும் உடனே உறைக்கும் என்று எண்ணுகிறேன். உங்கள் ஊரில் ஈயம் பூசுவோர் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தால் எழுதுங்கள், தொகுத்து வருகிறேன்.