தகவமைவு வேகக் கட்டுப்பாட்டில் மின் தானுந்துகளின் வேகக்குறைப்பு

தகவமைவு வேகக் கட்டுப்பாடு என்பது, முன்னே செல்லும் வண்டியுடனான இடைவெளியைப் பேணும் பொருட்டுத் தானுந்தின் வேகத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் அமைப்பு ஆகும். மின் தானுந்துகளில் இவ்வேகக்குறைப்பு பெரும்பாலும் மின்னோடியின் மூலமே நிகழ்கின்றது.

செயற்பாடு

ரேடார், ஒளிப்படக்கருவி போன்ற உணரிகள் இடைவெளியையும் ஒப்பு வேகத்தையும் அளக்கின்றன. இடைவெளி குறையும்போது, சக்கரங்களால் சுழற்றப்படும் மின்னோடி மின்னியற்றியாகச் செயற்பட்டு, வண்டியின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்தில் சேர்க்கின்றது. இது மீளாக்கத் தடுப்பு எனப்படும். இது போதாதபோது உராய்வுத் தடுப்பும் (பிரேக்) இயக்கப்படுகின்றது. மின்கலம் முழுமையாக மின்னேற்றப்பட்டிருந்தாலோ மிகவும் குளிர்ந்திருந்தாலோ அது மின்னோட்டத்தை ஏற்கும் திறன் குறையும். அப்போது உராய்வுத் தடுப்பின் பங்கு கூடுகின்றது.

வரம்புகள்

ஐ.எஸ்.ஓ. 15622 சீர்தரத்தின்படி, மணிக்கு 72 கி.மீ.க்கு மேற்பட்ட வேகங்களில் இவ்வமைப்பின் சராசரி வேகக்குறைப்பு 3.5 மீ/நொடி²-ஐ மிஞ்சலாகாது. உலர்ந்த சாலையில் தடுப்பை முழுமையாக அழுத்தினால் கிடைப்பதில் இது பாதிக்கும் குறைவு. மேலும், சாலையில் நின்றுகொண்டிருக்கும் வண்டிகளைச் சில அமைப்புகள் இனங்காண்பதில்லை. ஆகவே முன்வண்டி திடீரென நிற்கும் நிலைகளில் ஓட்டுநரே தடுப்பை அழுத்த வேண்டும். மிதியை அழுத்தியதும் இவ்வமைப்பு விலகிக்கொள்ளும்.