துக்கத்திற்கு நாள் குறிக்க வேண்டாம்

இறப்பு நிகழ்ந்த வீட்டிற்கு நாம் அனைவரும் சென்றிருக்கின்றோம். வாசலில் பந்தல், வாடகை நாற்காலிகள், வருவோர்க்குத் தேநீர். அடக்கம் முடியும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அக்கம்பக்கத்தாரே சாப்பாடு கொண்டு வருகின்றனர். பிறகு பந்தல் பிரிக்கப்படுகின்றது. உறவினர்கள் ஊர் திரும்புகின்றனர். முப்பதாம் நாள் திருப்பலியும் முடிந்துவிடுகின்றது. அதற்குப்பின் ஒரு மாலையில், கணவரை இழந்த பெண் ஒருவர் பழக்கத்தில் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிட்டு, இரண்டாவது டம்ளரைப் பார்த்தபடியே நிற்கின்றார். அந்த நேரத்தில் அவர் அருகில் யாரும் இல்லை.

மூன்று மாதம் கழித்து அவரைக் கடைத்தெருவில் சந்திக்கும் நாம் என்ன சொல்கின்றோம்? "இன்னுமா அழுதுகிட்டு இருக்கீங்க? பிள்ளைங்களுக்காகவாவது மனசைத் தேத்திக்குங்க அக்கா." நல்ல எண்ணத்தோடுதான் சொல்கின்றோம். ஆனால், அச்சொல் அவர் துயரைக் குறைப்பதில்லை. நம் முன்னால் அழக்கூடாது என்பதை மட்டுமே அவருக்குக் கற்றுத் தருகின்றது.

ஐந்து படிகளா?

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு எனத் துக்கம் ஐந்து படிகளில் நகரும் என்று பலர் படித்திருப்போம். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் அவர்கள் 1969-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் சொன்னவை இவை. ஆனால், அவர் அன்று உரையாடியது உறவினரை இழந்தவர்களோடு அல்ல. குணமாக்க இயலாத நோயால் இறப்பை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு. பிற்காலத்தில்தான் அந்த ஐந்தும் துக்கத்தின் ஏணிப்படிகளைப் போலப் பரவலாகப் பேசப்பட்டன. எல்லாரும் இந்த ஐந்தையும் கடப்பதில்லை, கடப்பவர்களும் இதே வரிசையில் கடப்பதில்லை என்பதை, அவரது இறப்புக்குப்பின் 2005-இல் வெளிவந்த அவரது இறுதி நூலே தெளிவுபடுத்தியது.

இரு பக்கமும் செல்லும் மனம்

நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் ஆகிய இருவரும் 1999-இல் வேறொரு விளக்கம் தந்தனர். துக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, இழப்பை எதிர்கொள்வது: புகைப்படத்தைப் பார்த்து அழுவது, பழைய நாள்களை நினைப்பது. மற்றொன்று, வாழ்வை மீண்டும் கட்டுவது: வாரிசுச் சான்றிதழுக்கு அலைவது, வங்கிக் கணக்கை மாற்றுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது. மனம் இந்த இரண்டுக்கும் இடையே மாறி மாறிச் சென்றுவருகின்றது. ஆகவே, காலையில் சிரித்துப் பேசியவர் இரவில் கதறி அழுதால் அது நடிப்பும் அல்ல, நோயும் அல்ல. துக்கம் நகரும் விதமே அதுதான்.

இதை அறியாததால் குடும்பங்கள் உடைவதும் உண்டு. குழந்தையை இழந்த வீட்டில் தாய் அழுதுகொண்டே இருக்கின்றார். தந்தை பத்தாம் நாளே வேலைக்குச் சென்றுவிடுகின்றார். 'இவருக்குக் குழந்தைமேல் பாசமே இல்லை' என்று அவர் நினைக்கின்றார். 'இவள் என்னையும் சேர்த்து மூழ்கடிக்கின்றாள்' என்று இவர் நினைக்கின்றார். உண்மையில் இருவரும் ஒரே குழந்தைக்காகவே வருந்துகின்றனர். இழப்பை எதிர்கொள்வதில் ஒருவர் அதிகம் நிற்கின்றார். வாழ்வைக் கட்டுவதில் மற்றவர் நிற்கின்றார். இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டாலே பாதிச் சுமை இறங்கும்.

மறந்தால்தான் ஆறுமா?

இறந்தவர் மீதுள்ள பிணைப்பை மனம் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் பணி என்று சிக்மண்ட் பிராய்டு அவர்கள் 1917-இல் எழுதினார். 1920-இல் அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகனை இழந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்த வெற்றிடம் தமக்கு நிரம்பவே இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இறந்தவரோடு உள்ள உறவு அறுந்துபோவதில்லை, வடிவம் மாறித் தொடர்கின்றது என்றே 1990-களிலிருந்து பல ஆய்வாளர்கள் கூறிவருகின்றனர். அப்பாவின் கைப்பேசி எண்ணை அழிக்க மனமில்லாத மகனைக் கண்டு நாம் அஞ்சத் தேவையில்லை.

எப்போது உதவி தேவை?

துக்கம் நோய் அல்ல. ஆனால், சிலருக்கு அது தளராமல் நீடித்து வாழ்வையே முடக்கிவிடுகின்றது. இதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்கின்றனர். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், இதற்குக் குறைந்தது 6 மாதங்கள் என வரையறுக்கின்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதங்கள் என்கின்றது. மாதக்கணக்கு மட்டும் போதாது. நாள்தோறும் தணியாத ஏக்கம், அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமை, அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறிய வேதனை ஆகியவை சேர்ந்திருக்க வேண்டும். 'நானும் போய்விட்டால் நல்லது' என்று ஒருவர் சொன்னால், எந்தக் கணக்கும் பாராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. இறந்தவரின் பெயரைச் சொல்வோம். பெயரைச் சொன்னால் நினைவூட்டிவிடுவோமோ என்று தயங்குகின்றோம். அவர்கள் மறந்திருந்தால்தானே நினைவூட்டுவதற்கு!

2. "வயசாயிடுச்சு, கல்யாணச் சாவுதான்", "இன்னொரு குழந்தை பெத்துக்கலாம்", "எல்லாம் கடவுள் விருப்பம்" போன்ற சொற்களைத் தவிர்ப்போம். பேச வார்த்தை இல்லையென்றால் அருகில் அமர்ந்திருப்பதே போதும்.

3. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் பலர் கேட்கமாட்டார்கள். "வியாழக்கிழமை பேங்குக்கு நானும் கூட வர்றேன்" என்று சொல்வோம்.

4. குழந்தைகளிடம், "அம்மா தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல வேண்டாம். தூங்கவே பயப்படும் குழந்தைகளும், வாசலிலேயே காத்திருக்கும் குழந்தைகளும் உண்டு. இறப்பை எளிய சொற்களில் உண்மையாகவே சொல்வோம்.

5. முதல் பிறந்த நாள், முதல் கிறிஸ்மஸ், முதல் நினைவு நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, அன்று ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்வோம்.

இலாசரை உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்தும், பெத்தானியாவில் அந்தச் சகோதரிகளோடு சேர்ந்து கண்ணீர் விட்டவர் நம் ஆண்டவர். உயிர்ப்பில் நம்பிக்கை உள்ளவர்கள் அழக்கூடாது என்று அவர் சொல்லவில்லை.

கடந்த ஆண்டு நம் பங்கில் யார் யார் வீட்டில் இறப்பு நிகழ்ந்தது? அவர்களுள் ஒருவர் வீட்டிற்காவது இந்த வாரம் சென்று, அந்த இரண்டாவது டம்ளர் காப்பியை நாம் அருந்திவிட்டு வரலாமே!