இருபது பேட்டரி போட்ட பாட்டுப்பெட்டி

பார்ட்டிக்குப் பெரிய புளூடூத் ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க. முதல்ல 1980-களின் நியூயார்க்குக்குப் போயிட்டு வந்துடலாம்.

அங்கே கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் பெரிய கேசட் ரேடியோவைத் தோளில் சுமந்துகிட்டுத் தெருவில் நடப்பாங்க. அதுதான் பூம்பாக்ஸ். ஏன் அவ்வளவு பெருசு? பேஸ் அதிரணும்னா ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ளணும். அதுக்குப் பெரிய கூம்பு, பெரிய பெட்டி, நிறைய பேட்டரி வேணும். எல்.எல். கூல் ஜே-யின் 'ரேடியோ' ஆல்பம் 1985-ல் வந்தப்போ அட்டையில் அவர் முகம் இல்லை. ஒரு ஜேவிசி பூம்பாக்ஸ்தான் இருந்தது. கிளப்புக்குள்ள போகக் காசில்லாதவங்களுக்கு அந்தப் பெட்டி இருந்தா போதும், தெருமுனையே நடன அரங்கம்.

ஆனா ஜன்னலுக்கு உள்ளே இருந்தவங்களுக்கு அது இரைச்சல். 1989-ல் ஸ்பைக் லீ எடுத்த 'டூ தி ரைட் திங்' படம் இந்தச் சண்டையைத்தான் காட்டுது. புரூக்ளினில் ரேடியோ ராஹீம்னு ஒரு இளைஞன். அவன் பூம்பாக்ஸுக்கு 20 பெரிய டி-சைஸ் பேட்டரி வேணும். பாட்டை நிறுத்தச் சொல்லி வாக்குவாதம் முற்ற, பீட்சா கடைக்காரர் மட்டையால் பெட்டியை நொறுக்குகிறார். அடிதடி நடக்குது. கடைசியில் போலீஸ்காரர் கழுத்தை நெரித்ததில் ராஹீம் சாகிறான்.

1979-லேயே சோனி வாக்மேன் வந்தாச்சு. மெல்ல மெல்லப் பாட்டு தெருவைவிட்டுக் காதுக்குள்ள போச்சு. இரைச்சல் குறைஞ்சது, கூடி ஆடுவதும் குறைஞ்சது.

இன்னிக்கு லித்தியம் பேட்டரியோட அந்தப் பெட்டி திரும்பி வந்திருக்கு. இயற்பியல் மட்டும் மாறலை. அதனால வாட்ஸ் எண்ணை மட்டும் நம்பாதீங்க. வூஃபர் எத்தனை இன்ச், சத்தத்தைக் கூட்டி வெச்சா பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், மாடிப்படியில் தூக்கிட்டு ஏற முடியுமான்னு பாருங்க. அப்புறம், பார்ட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிடுங்க.