காது கேளாத வெள்ளை

எங்கள் நாசரேத்தில் நாய்க்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. தேரி மண்ணின் நிறத்திலே பிறந்து, பனங்காட்டு நிழலிலே படுத்து, போட்டதைத் தின்று காவல் காக்கும் நாட்டு நாய்கள். ஜாதி நாய் என்று ஒன்று எங்கள் தெருவுக்கு வந்தது 1991ஆம் வருஷம். எனக்கு அப்போது பத்து வயது. சித்தப்பா ராஜபாளையத்துக்குப் போய் ஒரு வெள்ளைக் குட்டியைப் பஸ்ஸிலே மடியில் வைத்துக் கொண்டுவந்தார். விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். ராஜா என்று பெயர் வைத்துத் தெருவே கூப்பிட்டது. அது திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜாதி நாய்லா, கொஞ்சம் வீம்பு இருக்கத்தான் செய்யும்" என்றார் சித்தப்பா.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வெடித்த வெடியில் தெரு நாய்களெல்லாம் திக்குத் தெரியாமல் ஓடின. ராஜா மட்டும் முற்றத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் வீம்பு அல்ல, செவிடு என்று தெரிந்தது.

வெள்ளைக்கும் செவிட்டுக்கும் உள்ள சம்பந்தம் பழைய சங்கதி. முழு வெள்ளையாய், நீலக் கண்ணோடு பிறக்கும் பூனைக்குப் பெரும்பாலும் காது கேட்பதில்லை என்று சார்லஸ் டார்வினே எழுதி வைத்தார். காரணம் பின்னால்தான் புரிந்தது. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களே உள்காதிலும் இருந்து வேலை செய்கின்றன. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், குட்டி பிறந்த மூன்று நான்கு வாரத்தில் உள்காதின் இரத்த ஓட்டம் கெட்டு, கேட்கும் நரம்பு முனைகள் பட்டுப்போகின்றன. புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களுக்கும் இதே கதிதான்.

ராஜபாளையத்து நாய் வெள்ளையாகவே வந்ததல்ல, வெள்ளையாக்கப்பட்டது. பாளையக்காரர் காலத்தில் வெள்ளைக்காரன் குதிரைகள்மேல் பாய்ந்த நாய் என்று அதைப்பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது என்பதில் சந்தேகமில்லை. 2005ல் தபால் தலையிலே கூட ஏறிவிட்டது. ஆனால் பால் வெள்ளைக்குத்தான் விலை என்று ஆனபின், மற்ற நிறக் குட்டிகளை ஒதுக்கி வெள்ளையையும் வெள்ளையையும் சேர்த்தார்கள். பார்க்க அழகு. காதைப் பற்றி யார் கேட்டார்கள்?

கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள் என்று எனக்கு அபிப்பிராயம். கன்னி, சிப்பிப்பாறை இரண்டும் முயல் விரட்டும் நாய்கள். ஓடாத நாயை அங்கே எவனும் இணை சேர்க்க மாட்டான். மூச்சு வாங்கினால், இடுப்பு தளர்ந்தால், கண் மங்கினால் முயல் தப்பிவிடும். அதோடு அந்த நாயின் வம்சமும் நின்றுவிடும். வைத்தியர் சர்ட்டிபிகேட் இல்லாத காலத்தில் முயல்தான் சர்ட்டிபிகேட் கொடுத்தது! 1972ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை குற்றமாயிற்று. முயலுக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் சோதனை போனது போனதுதான். அதன் இடத்திலே உயரம், நிறம், விலை மூன்றும் வந்து உட்கார்ந்துகொண்டன.

அமெரிக்காவில் ஜான் ஒலின் என்ற வேட்டைப் பிரியர் தம் லாப்ரடார் நாய்களுக்கு இடுப்பு மூட்டு கெட்டிருப்பதைக் கண்டு, 1966ல் அதற்கென்றே ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கை என்ற பழக்கம் அப்படிப் பரவியது. நம் சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. நாட்டு ஜாதிகளைக் காப்பாற்றச் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு நாய்ப்பண்ணை நடந்தது. பராமரிப்பு சரியில்லை என்று புகார் எழுந்து, 2016ல் ஹைகோர்ட் உத்தரவால் அது மூடப்பட்டது. 2017ல் மத்திய சர்க்கார் விதிகள் வந்தன: 18 மாதம் நிறையாத நாயைச் சேர்க்கக் கூடாது, பெட்டைக்கு வருஷத்தில் ஓர் ஈத்துக்கு மேல் கூடாது என்றெல்லாம்.

காதுக்கென்று தனிச் சோதனை உண்டு. குட்டியின் தலைத்தோலில் மெல்லிய ஊசிகள் வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியே 'டிக் டிக்' என்று ஒலி விட்டு, மூளையின் பதிலைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். ஐந்தாறு வாரத்துக் குட்டிக்கே செய்யலாம். கையைத் தட்டிப் பார்ப்பது போதாது. ஒரு காது மட்டும் செவிடான நாய் கைதட்டலுக்குத் திரும்பிவிடும். ஆனால் செவிட்டைத் தன் குட்டிகளுக்குக் கொடுக்க அதனாலும் முடியும்.

1993ல் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர் தம் வெள்ளைப் பெட்டைக்கு ராஜாவைக் கேட்டு வந்தார். கடுவன்காரருக்கு ஒரு குட்டி என்று பேச்சு. ராஜாவுக்குக் காது கேட்காது என்று சித்தப்பா சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. ஏழு குட்டிகள். சித்தப்பா தட்டைத் தட்டிப் பார்த்தார், ஏழும் எழுந்தன. ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் குட்டிகளில் ஒன்று துள்ளினால் செவிட்டுக் குட்டியும் துள்ளும் என்று யாருக்குத் தோன்றியது? வாத்தியார் தமக்கென்று வைத்துக்கொண்ட குட்டி, ஹாரன் அடித்துக்கொண்டே வந்த லாரியில் அடிபட்டுச் செத்தது.

ஒரு சாயங்காலம் வாத்தியார் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். சித்தப்பா வீட்டில் இல்லை. ராஜா தூணோரம் தூங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்குக் காது கேக்குமா தம்பி?" என்றார்.

"கேக்கும் சார்" என்றேன்.